சூனிய வழக்குக்குள் நிலப்பத்திரம் தேடியவர்

'தி குருசிபிள்' நாடகத்தை எழுதியது ஏன் என்று ஆர்தர் மில்லர் 1996இல் ஒரு கட்டுரை எழுதினார். 1950களில் செனட்டர் மெக்கார்த்தி காலத்து கம்யூனிஸ்ட் வேட்டையும், 1692இல் அமெரிக்காவின் சேலத்தில் பலரைச் சூனியக்காரர்கள் என்று பிடித்துத் தண்டித்த சூனிய வழக்குகளும் அவர் மனதில் ஏற்கெனவே இருந்தன. ஆனாலும் 1867இல் வெளிவந்த ஒரு பழைய இரண்டு தொகுதி நூலைப் படித்த பிறகுதான் இதை எழுதியே தீரவேண்டும் என்று முடிவெடுத்தாராம். அதன் ஆசிரியர் சார்லஸ் வென்ட்வொர்த் அப்ஹாம். அவரை 'அப்போதைய சேலம் மேயர்' என்று மில்லர் சொல்லிவிட்டுப் போகிறார். அது சரியில்லை. அப்ஹாம் மேயராக இருந்தது 1852இல். அதற்கு முன்னால் இருபது ஆண்டுகள் அதே ஊரில் பாதிரியார். பின்னால் நாடாளுமன்ற உறுப்பினர், மாநில செனட்டின் தலைவர். நூல் வந்தபோது பதவி எதிலும் இல்லாத அறுபத்தைந்து வயதுக்காரர்.

மில்லரின் தடுமாற்றத்தைக் குறைசொல்ல முடியாது. இந்த மனிதரை எந்த வரிசையில் வைப்பது என்பதில் எல்லோருக்கும் குழப்பம்தான். இலக்கியம் படித்தவர்களுக்கு அவர் அமெரிக்க நாவலாசிரியர் நதானியேல் ஹாவ்தோர்னின் வேலையைப் பறித்த வில்லன். பதிப்புரிமைச் சட்டம் படித்தவர்களுக்கு, பெயரே தெரியாத ஒரு 'காப்பி' ஆசாமி. சூனிய வழக்குகளை ஆராய்பவர்களுக்கோ, தாண்டிப் போக முடியாத முன்னோடி. மூன்றும் ஒரே ஆள்தான். அந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவருடைய நூலில் எது நின்றது, எது விழுந்தது என்பது விளங்கும்.

(நம் ஊர் சேலம் அல்ல, மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கடற்கரைச் சேலம். ஆனால் தமிழர்களுக்கு அந்த ஊரோடு ஒரு நூலிழைத் தொடர்பு உண்டு. ஆசியாவுக்குப் புறப்பட்ட முதல் அமெரிக்க மிஷனரிகளுக்கு 1812 பிப்ரவரி 6 அன்று குருப்பட்டம் கொடுத்தது அங்கேயுள்ள டாபர்னக்கிள் தேவாலயத்தில்தான். அவர்களை அனுப்பிய அமெரிக்கன் போர்டு என்ற அதே மிஷன் சங்கம்தான் பிறகு யாழ்ப்பாணத்தில் காலூன்றி, 1823இல் வட்டுக்கோட்டை செமினரியைத் தொடங்கியது. அப்ஹாம் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் இல்லை. அவர்கள் கால்வின் வழி வைதிகர்கள். இவர் திரித்துவத்தை ஏற்காத யூனிட்டேரியன் பிரிவு.)

பாதிரியார் அங்கியைக் கழற்றிவிட்டு அரசியலுக்குப் போவது அன்றைய மாசசூசெட்ஸில் புருவம் உயர்த்தும் விஷயமில்லை. நியூயார்க்கின் 1777ஆம் ஆண்டு அரசியல் சட்டம் குருமார்கள் அரசுப் பதவி வகிப்பதைத் தடுத்தது. டென்னசி அப்படியொரு தடையை வைத்திருந்து, 1978இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்துசெய்ய வேண்டியிருந்தது. மாசசூசெட்ஸில் நிலைமையே வேறு. 1833 வரை அங்கே தேவாலயத்துக்கு ஊர் வரிப்பணம் போனது. பாதிரியார் என்பவர் பாதி ஊர் அதிகாரி மாதிரி. ஹார்வர்டில் படித்து, யூனிட்டேரியன் மேடையில் பேசப் பழகி, பிறகு வாஷிங்டனுக்குப் போய், ஓய்ந்த நேரத்தில் வரலாறு எழுதுவது அந்த வட்டாரத்தில் கிட்டத்தட்ட ஒரு தடம் போட்ட பாதை. எட்வர்ட் எவரெட் பாஸ்டனின் பிராட்டில் தெரு தேவாலயத்திலிருந்து கிளம்பி ஆளுநரும் வெளியுறவு அமைச்சரும் ஆனார். அவருக்குப் பின் அதே மேடையில் நின்ற ஜான் கார்ஹம் பால்ஃப்ரி நாடாளுமன்றம் போய்வந்து நியூ இங்கிலாந்தின் வரலாற்றை எழுதினார். அந்தப் பாதையில் வந்தவர்தான் அப்ஹாம். என்ன, இவர் நாட்டு வரலாற்றை விட்டுவிட்டுத் தன் ஊரைப் பிடித்துக்கொண்டார்.

பிறந்தது 1802இல், கனடாவின் செயின்ட் ஜான் நகரில். அமெரிக்க விடுதலைப் போரில் தந்தை ஜோஷுவா அப்ஹாம் பிரிட்டிஷ் மன்னர் பக்கம் நின்றவர். தோற்ற பிறகு நியூ பிரன்ஸ்விக்குக்குப் போய் அங்கே நீதிபதியானார். மகன் சிறுவயதிலேயே பாஸ்டன் போய், 1821இல் ஹார்வர்டில் பட்டம் பெற்று, 1824இல் சேலத்தின் முதல் தேவாலயத்தில் இளைய போதகராகச் சேர்ந்தார்.

எந்தத் தேவாலயம் என்பது முக்கியம். 1692 ஜூலை 3 அன்று, தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டிருந்த எழுபத்தொரு வயது ரெபேக்கா நர்ஸைச் சபையிலிருந்து விலக்கியது இதே சபைதான். பதினாறு நாள் கழித்து அந்தப் பாட்டியைத் தூக்கிலிட்டார்கள். அன்று சபையில் இருந்த போதகர் நிக்கோலஸ் நாய்ஸ், தூக்கு மேடையருகே நின்று சாரா குட் என்ற பெண்ணிடம் நீ சூனியக்காரி என்று ஒப்புக்கொள்ளச் சொன்னார். என் உயிரை எடுத்தால் கடவுள் உனக்குக் குடிக்க ரத்தம் கொடுப்பார் என்று அவள் திருப்பிக் கொடுத்தாள். ரெபேக்காவின் பெயரைச் சபை மீண்டும் பதிவேட்டில் சேர்த்தது 1712இல். நாய்ஸ் இருந்த இடத்தில் நூற்றுச்சொச்சம் ஆண்டுகள் கழித்து வந்து உட்கார்ந்தவர்தான் அப்ஹாம். ஊர் மறக்க விரும்பிய விஷயம் அவர் சபையின் சொந்தப் பதிவேட்டிலேயே கிடந்தது. 1831இல் அவர் சூனியம் பற்றிய சொற்பொழிவுகளை நூலாக வெளியிட்டபோது அது ஒரு பாதிரியார் தன் சபையின் பழைய கணக்கைத் தீர்க்கிற காரியமாகவும் இருந்தது. மூடநம்பிக்கையும், அதைத் தூண்டிவிடும் மதத் தலைவர்களும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதே அதன் சாரம்.

இங்கே ஒரு பக்கவழி. அப்ஹாம் எழுதிய ஜார்ஜ் வாஷிங்டன் வாழ்க்கை வரலாறு 1840இல் வந்தது. வாஷிங்டனே தன் கதையைச் சொல்வதுபோல, அவருடைய கடிதங்களைக் கோத்து எழுதியது. பள்ளி நூலகங்களுக்கான மலிவுப் பதிப்பு, 866 பக்கம். அதில் 353 பக்கங்கள் ஜேரெட் ஸ்பார்க்ஸ் பன்னிரண்டு தொகுதிகளாகப் பதிப்பித்த வாஷிங்டன் எழுத்துகளிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டவை. ஸ்பார்க்ஸும் முன்னாள் யூனிட்டேரியன் பாதிரியார்தான், வரலாற்றுக்கு வந்தவர்தான். வழக்குப் போட்டது ஸ்பார்க்ஸின் பதிப்பாளர்கள். விசாரித்த நீதிபதி ஜோசப் ஸ்டோரி பல காலம் சேலத்தில் வாழ்ந்தவர். ஆக ஒரு பாதிரியார் இன்னொரு பாதிரியாரிடமிருந்து எடுத்ததை, பழைய ஊர்க்காரர் தீர்த்துவைத்தார்.

1841இல் வந்த தீர்ப்பு அப்ஹாம் தரப்புக்கு எதிராகப் போனது. நூல் பயனுள்ளது, எழுதியவர் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை என்பதை ஸ்டோரி மறுக்கவில்லை. ஆனால் எடுத்தது என்ன, எதற்காக எடுத்தார், எவ்வளவு எடுத்தார், அதனால் மூல நூலின் விற்பனை எவ்வளவு அடிவாங்கும் என்று பார்க்க வேண்டும் என்றார். 'நியாயமான பயன்பாடு' என்று அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் இன்று சொல்வதன் விதை இந்தத் தீர்ப்புதான். 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 107ஆம் பிரிவில் இருப்பது பெரும்பாலும் ஸ்டோரி போட்ட கேள்விகளே. யூடியூபில் ஒரு சினிமாத் துணுக்கைப் போட்டுவிட்டு 'ஃபேர் யூஸ்' என்று வாதாடும் யாரும், சேலம் பாதிரியார் ஒருவர் தோற்ற வழக்கைத்தான் தங்களுக்குத் துணைக்கு அழைக்கிறார்கள்.

1844இல் தொண்டை கெட்டுப்போய் அப்ஹாம் பிரசங்க மேடையை விட்டு இறங்கினார். அரசியலுக்குத் தொண்டை வேண்டாமா என்று கேட்கத் தோன்றும். அவருடைய அரசியல் அதிகமும் மேடைக்கு வெளியே, காகிதத்தில் நடந்தது.

அதற்குச் சரியான உதாரணம் ஹாவ்தோர்ன் விவகாரம். ஜனநாயகக் கட்சி ஆட்சியில் 1846இல் ஹாவ்தோர்னுக்குச் சேலம் சுங்க அலுவலகத்தில் ஒரு பதவி கிடைத்தது. 1849இல் எதிர்த்தரப்பான விக் கட்சி ஆட்சிக்கு வந்தது. ஆட்சி மாறினால் சுங்க அலுவலக நாற்காலிகளும் மாறும் என்பது அந்தக் காலத்து நடைமுறை. நமக்கும் இதில் புரியாதது ஒன்றுமில்லை. சிக்கல் என்னவென்றால், ஹாவ்தோர்ன் எழுத்தாளர், கட்சிக்காரர் இல்லை என்று அவருடைய நண்பர்கள் பத்திரிகைகளில் கிளம்பிவிட்டார்கள். வெறுமனே நீக்கினால் பெயர் கெடும், காரணம் வேண்டும். உள்ளூர் விக்குகள் சார்பில் வாஷிங்டனுக்குப் போன குற்றச்சாட்டு மனுவைத் தயாரித்தவர் அப்ஹாம். ஹாவ்தோர்ன் கட்சி வேலை செய்தார், கட்சிப் பத்திரிகைக்கு எழுதினார், சுங்க ஊழியர்களின் சம்பளத்திலிருந்து கட்சிக்குப் பணம் பிரிக்கும் ஏற்பாட்டுக்குக் கருவியாக இருந்தார் என்று அதில் அடுக்கினார். வேலை போயிற்று.

இத்தனைக்கும் ஹாவ்தோர்ன் 1835இல் எழுதிய ஒரு கதையில், தூக்குமேடைக் குன்றின் அவமானத்தைத் தன் வரலாற்றறிவுக்கு நினைவுச் சின்னமாக மாற்றிக்கொண்ட ஓர் ஆசிரியரைப் பெயர் சொல்லாமல் பாராட்டியிருந்தார். அது அப்ஹாமைத்தான். ஹாவ்தோர்னின் முன்னோரான ஜான் ஹதோர்ன் 1692இல் குற்றஞ்சாட்டப்பட்டவர்களை விசாரித்த நீதிபதிகளில் ஒருவர். ஆக அந்த நீதிபதியின் வழித்தோன்றலுக்கு எதிராக, சூனிய வழக்கின் வரலாற்றாசிரியர் ஒரு குற்றப்பத்திரிகை எழுதினார். பொய்க் குற்றச்சாட்டு எப்படி ஊரில் பரவும் என்று அப்ஹாமுக்கு நூலறிவு மட்டும் இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

வேலையில்லாமல் உட்கார்ந்த ஹாவ்தோர்ன் 1850இல் 'தி ஸ்கார்லெட் லெட்டர்' எழுதினார். 1851இல் வந்த 'தி ஹவுஸ் ஆஃப் தி செவன் கேபிள்ஸ்' நாவலில் நீதிபதி பிஞ்சன் வருகிறார். வெயிலடிப்பது போன்ற சிரிப்பு, ஊர் மதிப்பு, உள்ளே கல் நெஞ்சு. அப்ஹாம்தான் மாதிரி என்று அன்றிலிருந்தே பேச்சு. செனட்டர் சார்லஸ் சம்னர் அவரைச் சிரித்த முகமும் எண்ணெய்ப் பசையுமான தேவ மனிதர் என்ற பொருளில் ஏளனம் செய்ததோடு இந்தச் சித்திரம் நன்றாகவே ஒட்டுகிறது. எனக்கு அந்த நாவலில் சுவாரசியமாகப் படுவது வேறொன்று. அதில் பிஞ்சன் குடும்பத்து முன்னோர் ஒருவர் பக்கத்து நிலத்தின் மேல் ஆசைப்பட்டு, அந்த நிலத்துக்காரன் சூனியக்காரனாகத் தூக்கில் தொங்கத் துணைபோகிறார். பிறகு அந்தக் குடும்பமே தொலைந்துபோன ஒரு நிலப்பத்திரத்தை நினைத்து ஏங்கிக்கொண்டிருக்கும். சூனியக் குற்றச்சாட்டின் அடியில் நிலம் இருக்கிறது என்பதைக் கதையாக ஹாவ்தோர்ன் முதலில் சொல்லிவிட்டார். ஆவணமாக எடுத்து வைத்தவர் அவருடைய எதிரி, பதினாறு ஆண்டு கழித்து.

இடைப்பட்ட பதவிகளை வேகமாகக் கடந்துவிடலாம். 1853 முதல் 1855 வரை விக் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர். அடிமை முறை மேற்கே பரவ வழிவிட்ட கன்சாஸ்-நெப்ராஸ்கா சட்டத்தை எதிர்த்துப் பேசினார். ஸ்மித்சோனியன் நிறுவனம் ஆராய்ச்சிக் கூடமாக இருக்க வேண்டுமா, தேசிய நூலகமாக இருக்க வேண்டுமா என்ற சண்டையில் விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கி நூலகத்தின் பக்கம் நின்றார். அந்தப் பக்கம் வெல்லவில்லை. அடுத்த தேர்தலில் தோற்றார். 1856இல் குடியரசுக் கட்சியின் முதல் அதிபர் வேட்பாளர் ஜான் ஃபிரமான்ட்டின் வாழ்க்கையை எழுதிக் கொடுத்தார். 1857, 1858 ஆண்டுகளில் மாநில செனட்டுக்குத் தலைவர். இதற்கெல்லாம் பிறகுதான் பழைய சொற்பொழிவுகளை மீண்டும் கையில் எடுத்தார்.

1867இல் வெளிவந்த 'சேலம் விட்ச்கிராஃப்ட்' நூல் 1831ஆம் ஆண்டுச் சொற்பொழிவின் வீங்கிய பதிப்பு அல்ல. தொடக்கத்தில் வரும் ஒரு வரைபடம் போதும், வித்தியாசம் தெரிய. 1692இல் சேலம் கிராமம் (இன்றைய டான்வர்ஸ்) எப்படி இருந்தது, யார் வீடு எங்கே, யார் நிலத்துக்கு யார் நிலம் அடுத்தது என்று காட்டும் படம். வரைந்தவர் அவர் மகன் வில்லியம். அரசு கொடுத்த முதல் நில மானியங்கள், கிரயப் பத்திரங்கள், உயில்கள், எல்லை வழக்குகள் எல்லாவற்றையும் தோண்டி, பிறகு காடு மேடாக நடந்து சரிபார்த்து உருவாக்கியது. நூலின் முதல் தொகுதியில் சூனியம் வருவதற்கு முன்னால் பக்கம் பக்கமாக நிலம்தான் வருகிறது. பொறுமையில்லாத வாசகர் புரட்டிவிட்டுப் போய்விடுவார். அவர் இழப்பது நூலின் உயிரை.

ரெபேக்கா நர்ஸ் குடும்பத்து நிலத்தையே எடுத்துக்கொள்வோம். 1636இல் டவுன்செண்ட் பிஷப் என்பவருக்குக் கிடைத்த 300 ஏக்கர் மானியம். பல கை மாறி, ஜேம்ஸ் ஆலன் என்ற பாஸ்டன் பாதிரியாரிடம் வந்தது. எங்களுக்குச் சேரவேண்டியது என்று எண்டிகாட் குடும்பம் வழக்கு மேல் வழக்குப் போட்டது. 1678இல் ரெபேக்காவின் கணவர் பிரான்சிஸ் நர்ஸ் அதை 400 பவுண்டுக்கு வாங்கினார். கையில் காசு இல்லை. இருபத்தொரு ஆண்டுத் தவணை: முதல் பன்னிரண்டு ஆண்டு வருஷத்துக்கு 7 பவுண்டு, மீதி ஒன்பது ஆண்டு 10 பவுண்டு வாடகைபோலக் கட்ட வேண்டும். அசலைக் கடைசியில் அடைக்கலாம். மரவேலை செய்து பிழைத்த குடும்பம் ஒரேயடியாக 300 ஏக்கரில் உட்கார்ந்தால் அக்கம்பக்கத்து வயிறு எரியாதா? ஒருபுறம் எண்டிகாட்டுகளோடு எல்லைத் தகராறு. ரெபேக்கா பிறந்த, டவுன் என்ற பெயருள்ள குடும்பம் டாப்ஸ்ஃபீல்டு ஊரைச் சேர்ந்தது. அந்த ஊர்க்காரர்களுக்கும் சேலம் கிராமத்துப் பட்னம் குடும்பத்துக்கும் காட்டு நிலத்துக்காகப் பல காலமாக அடிதடி. 1692இல் ரெபேக்கா மீது புகார் சொன்னவர்களில் பட்னம் வீட்டுப் பன்னிரண்டு வயதுப் பெண்ணும் அவள் தாயும் முன்னணி. ரெபேக்காவின் தங்கைகள் இருவர் மீதும் புகார் வந்தது. மேரி ஈஸ்ட்டி தூக்கில் போனார்.

இதோடு போதகர் சம்பளச் சண்டை. சாமுவேல் பாரிஸ் என்ற போதகர் 1689இல் வந்தார். சம்பளம் எவ்வளவு, விறகு யார் கொடுப்பது, போதகர் வீடு யாருக்குச் சொந்தம் என்று ஊர் இரண்டுபட்டது. 1691 அக்டோபரில் அவருக்கு எதிரான கோஷ்டி ஊர்க்குழுவைப் பிடித்து, அவர் சம்பளத்துக்கான வரியை வசூலிக்க மறுத்தது. அடுத்த சில மாதங்களில் பாரிஸ் வீட்டில்தான் பிள்ளைகளுக்கு 'பேய்' பிடித்தது. தூக்கில் தொங்கியவர்கள் 19 பேர். வாய் திறக்க மறுத்த கைல்ஸ் கோரி பாறைகளுக்கு அடியில் நசுங்கிச் செத்தார். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 150க்கும் மேல்.

சபைக்குள் கோஷ்டி எப்படி உருவாகும், ஊர்க்குழுவை எப்படிக் கைப்பற்றுவார்கள், பழைய வரப்புச் சண்டை புதிய பெயரில் எப்படித் திரும்பி வரும் என்பதெல்லாம் இருபது ஆண்டு சபை நடத்தி, பிறகு வார்டு வாரியாக ஓட்டு எண்ணிய ஒருவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. 1831இல் மூடநம்பிக்கையைக் காரணம் காட்டிய பாதிரியார், 1867இல் பங்காளிப் பகையையும் சேர்த்துப் பார்த்ததற்கு நடுவில் இருந்த அரசியல் வாழ்க்கைதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் பாதிரியார் முழுக்க ஓய்வு பெறவில்லை. கதைக்கு ஒரு தொடக்கமும் ஒரு குற்றவாளியும் வேண்டும் என்ற பிரசங்க மேடைப் பழக்கம் நூலில் இரண்டு இடத்தில் தலைகாட்டுகிறது.

முதலாவது டிட்யூபா. பாரிஸ் வீட்டு அடிமைப் பெண். 1691-92 குளிர்காலத்தில் ஊர்ப் பெண்பிள்ளைகள் பாரிஸ் வீட்டில் கூடி, டிட்யூபாவிடமிருந்தும் அவள் கணவன் ஜானிடமிருந்தும் மாய மந்திரம், கைரேகை எல்லாம் கற்றார்கள் என்று அப்ஹாம் விஸ்தாரமாக எழுதுகிறார். வழக்கு ஆவணங்களில் இப்படி ஒரு கூட்டமே கிடையாது. முட்டை வெள்ளைக்கருவைக் கண்ணாடியில் ஊற்றிக் குறி பார்த்த ஒரு பெண்ணைப் பற்றி ஜான் ஹேல் என்ற போதகர் எழுதியிருக்கிறார், அதில் டிட்யூபா இல்லை. பிள்ளைகளின் சிறுநீரைச் சேர்த்து 'சூனிய அப்பம்' சுடச் சொன்னது மேரி சிப்லி என்ற வெள்ளைக்கார அண்டைவீட்டுப் பெண். ஆனாலும் அப்ஹாம் சொன்னதே ஊர் ஏற்றுக்கொண்ட கதையாகிவிட்டது. அடுத்த ஆண்டே லாங்ஃபெல்லோவின் நாடகத்தில் டிட்யூபா புது வண்ணத்தில் வந்தாள். மில்லரின் நாடகத்தில் காட்டில் பிள்ளைகளோடு ஆடினாள். நூலை எழுதியவர் வெள்ளைக்காரக் குடும்பங்களின் நிலத் தகராற்றை ஏக்கர் கணக்காக ஆராய்ந்துவிட்டு, பழியின் முதல் வரியை ஓர் அடிமைப் பெண் தலையில் எந்தச் சான்றும் இல்லாமல் எழுதினார்.

இரண்டாவது காட்டன் மாதர், பாஸ்டனின் பெரிய போதகர். 1692 ஆகஸ்ட் 19 அன்று ஜார்ஜ் பரோஸ் என்ற சக போதகரைத் தூக்கிலிட்டபோது, அவர் பரமண்டல ஜெபத்தைத் தடங்கலின்றிச் சொல்லி முடிக்க, கூட்டம் கலங்க, குதிரையில் இருந்த மாதர்தான் பேசிச் சமாளித்தார் என்று ராபர்ட் காலிஃப் 1700இல் எழுதினார். அப்ஹாமுக்கு இது போதும். மாதரைத் தூண்டிவிட்டவராகவே நிறுத்தினார். 1869இல் நூலகர் வில்லியம் ஃபிரெடரிக் பூல், குற்றம் சாட்டப்பட்டவரின் ஆவி வந்து தாக்கியது என்று சொல்லும் 'ஆவிச் சாட்சியத்தை'ப் பற்றி மாதர் எச்சரித்தவர் என்று மறுப்பு எழுதினார். அதே ஆண்டு அப்ஹாம் நீண்ட பதில் கொடுத்தார். கால்வின் வழிப் போதகரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதில் ஒரு யூனிட்டேரியனுக்கு இருந்த ஆர்வத்தை அந்தப் பதிலில் மறைக்க முடியவில்லை. அந்தத் தகராறு இன்றும் முழுதாக முடியவில்லை.

இடத்திலும் ஒரு முறை சறுக்கினார். தூக்கு நடந்தது கேலோஸ் குன்றின் (தூக்குமேடைக் குன்று) உச்சியில் என்றார். பரோஸைத் தூக்கிலிட்ட அன்று சேலத்துக்கு விசாரணைக்குக் கொண்டுவரப்பட்ட ரெபேக்கா ஈம்ஸ், குன்றின் கீழிருந்த வீட்டிலிருந்து தூக்குக் கூட்டத்தைப் பார்த்ததாகச் சொன்ன வாக்குமூலம் ஆவணத்தில் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் சிட்னி பெர்லி இடத்தைக் கீழே இறக்கினார். 2016இல் ஆராய்ச்சிக் குழு ஒன்று அவர் சொன்ன பிராக்டர் மேடுதான் என்று உறுதிசெய்தது. ஒரு மருந்துக்கடையின் பின்புறமுள்ள அந்தச் சரிவில் 2017 ஜூலை 19 அன்று நினைவிடம் திறந்தார்கள்.

வரைபடத்தின் கதை வேறு. 1974இல் பால் போயரும் ஸ்டீபன் நிசன்பாமும், குற்றம் சாட்டியவர்கள் கிராமத்தின் மேற்கிலும் சாட்டப்பட்டவர்கள் கிழக்கிலும் இருந்தார்கள் என்று காட்டிச் சூனிய ஆய்வையே ஊர்ப் பொருளாதாரத்தின் பக்கம் திருப்பினார்கள். அவர்கள் புள்ளிவைத்தது அப்ஹாம் வீட்டுப் படத்தின் மேல். 2008இல் பெஞ்சமின் ரே வீடுகளை மறுபடி குறித்துப் பார்த்து, அந்தக் கிழக்கு-மேற்குப் பிளவு அவ்வளவு தெளிவாக இல்லை என்றார். அவரும் 1867ஆம் ஆண்டுப் படத்தைத் திருத்தித்தான் தன் படத்தைப் போட வேண்டியிருந்தது.

அப்ஹாம் 1875 ஜூன் 15 அன்று சேலத்தில் இறந்தார். ஹார்மனி குரோவ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம்.